மூணாவது ஓலைக்கு முன்னாடி

அன்பு மகன் அருளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது என்பதை நேற்று பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனாம்பேடு மைதானத்தில் ஐயாயிரம் பேர் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஐயாயிரம் எல்லாம் இல்லை, ஐந்நூறு இருந்தால் அதிகம் என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு முழுக் கூட்டம் எப்படித் தெரியும். வேஷம் கலைத்த கையோடு நீ வீட்டுக்கு வராமல் நூம்பலில் உன் மொட்டை மாடி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். போனையும் அணைத்துவிட்டாய். அணைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாயே, அதை நேற்று ராத்திரி உன் அம்மாவுக்கு நான் போட்டுக் காட்டவில்லை. "நைனா, நாளைக்கு ராத்திரி பாஸ்கா பூசைக்கு வருவேன். என்னை அடிச்சான் பாரு ஸ்டீபன், அந்தக் கையை கோயில் வாசல்லயே ஒடச்சிட்டுதான் மெழுகுவர்த்தி கொளுத்துவேன்." குரல் சும்மா சொல்லக் கூடாது, கணீர் என்று இருந்தது. என் குரல் அது.

அந்த ஸ்டீபன் உனக்கு யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற ஜெனியின் கூடப் பிறந்த அண்ணன். ரெண்டு ஞாயிறு பூசையில் உன் பேரையும் ஜெனி பேரையும் ஃபாதர் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக்கு ஈஸ்டர் காலைப் பூசையில் மூணாவது ஓலை. இவர்கள் கல்யாணத்துக்கு ஏதாவது தடை உண்டு என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் வாசித்து நிமிரும்போது கோயிலில் ஒருத்தரும் எழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நீ இன்றைக்கு ராத்திரி ஸ்டீபன் கையை உடைத்தால் நாளைக்குக் காலையில் அவன் அப்பா லூர்துசாமி எழுந்து நிற்பார். காற்றுவாக்கில் கேட்ட செய்தி இல்லை, அவர் வாயாலேயே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அது எப்போது, எந்த நிலைமையில் என்று பின்னால் எழுதுகிறேன். கதையை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புத்தியில் ஏறும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் நம் கோயில் பங்கில் யார் செத்து மோட்சச் செய்தி அச்சடிக்க வேண்டும் என்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள், "அண்ணாத்தே, நாலு வார்த்த உருக்கமா எழுதிக் குடு" என்று. அழாமல் படித்தவன் கிடையாது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டினேன். என் சுண்டு விரல் பாதி எப்படிப் போனது என்பதற்கு ஊரில் ரெண்டு மூணு கதை உலவுகிறது, மெஷினில் போனது என்பதும் அதில் ஒன்று. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ என்னிடமிருந்து நிலம் நீச்சு எதுவும் வாங்கவில்லை. ரெண்டே ரெண்டு வாங்கியிருக்கிறாய். ஒன்று இந்தக் கை, இன்னொன்று இந்த வாய். வாய் உனக்குக் கொஞ்சம் குறைச்சல். கை கொஞ்சம் அதிகம்.

போன வருஷத் தேர்த் திருவிழாவை எடுத்துக்கொள். மாதா தேர் பள்ளிக்கூடத் தெருவில் திரும்புகிற இடத்தில் முன் கட்டையை யார் பிடிப்பது என்று உனக்கும் ஸ்டீபனுக்கும் தகராறு. திருப்பத்தில் முன் கட்டை பிடிக்கிறவன் தோளில்தான் மொத்தத் தேரும் ஒரு நிமிஷம் உட்காரும். அந்தப் பெருமைக்காக நம் பங்கில் இதற்கு முன்னாலும் மண்டை உடைந்திருக்கிறது. "நீ பின்னால போ மச்சான், ஒனக்கு தோள் பத்தாது" என்றான் அவன். நீ ஒரு கையில் கட்டையை விடாமல், இன்னொரு கையால் ஒரே குத்து. மாதா மேலே அசையாமல் நிற்கிறாள், கீழே அவன் வாயெல்லாம் ரத்தம், ஜெபமாலை சொல்கிற பெண்கள் சொல்வதை நிறுத்தவில்லை. நான் அந்தக் குத்தை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தகப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும். அதற்கு அடுத்த வாரம்தானே அண்ணன் பல்லுக்கு நியாயம் கேட்டு ஒரு பெண் நம் வாசலில் வந்து நின்றாள். தெருவே வேடிக்கை பார்க்க உன்னைத் திட்டினாள். நீ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அம்மா அப்போதே என்னிடம் சொன்னாள், "இவன் காலி."

அந்தப் பல் விஷயத்தில் நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. உடைந்தது முன் பல்லில் பாதி. நான் டீக்கடையில் ஒரு பல் என்று சொன்னேன். ரெண்டு நாள் கழித்து ஆவடியிலிருந்து வந்த பழைய கூட்டாளியிடம் ரெண்டு பல் என்று சொன்னேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் என்னிடமே வந்து, "உம் புள்ள நாலு பல்ல ஒதிர்த்துட்டானாமே" என்றான். இல்லை என்று நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேன். கதை என்றால் நடந்து போகப் போகக் கொஞ்சம் சதை பிடிக்கத்தான் செய்யும், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஸ்டீபன் வேலைக்குப் போகிற பஸ்ஸும் பூந்தமல்லி பஸ்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். பாடுகளின் காட்சியில் உனக்கு இயேசு வேஷம் கிடைத்தபோது உன்னைவிட நான்தான் அதிகம் துள்ளினேன். ஸ்டீபன் தானே போய் ஃபாதரிடம் சாட்டைக்காரன் வேஷம் கேட்டான். எனக்கு வழக்கம்போல ரோமச் சிப்பாய்களின் நூற்றுவர் தலைவன். அந்தத் தலைக்கவசத்தை என்னைத் தவிர வேறு யார் தலையில் வைத்தாலும் ஆட்டோ டிரைவர் ஹெல்மெட் மாதிரி இருக்கிறது என்று ஃபாதரே சொல்லியிருக்கிறார். கல்தூணில் கட்டி அடிக்கிற காட்சி நம் பங்கில் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். நான் மைக்கில் வசனத்தை ஆரம்பித்ததும் அடி ஆரம்பிக்க வேண்டும். நான் முடித்துக் கையைத் தூக்கி "போதும்" என்றதும் அடி நிற்க வேண்டும். நடுவில் சாட்டைக்காரன் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் காட்சி படுத்துவிடும். சாட்டை வெறும் பருத்திக் கயிறுதான், சிவப்புச் சாயத்தில் ஊறப் போட்டது. மணிக்கட்டால் வீசினால் ஈரத் துண்டால் தட்டின மாதிரி இருக்கும், சாயம் மட்டும் முதுகில் ஒட்டும், பார்க்கிறவர்களுக்கு ரத்தம். தோளிலிருந்து வீசினால் அதே ஈரக் கயிறு தோலைக் கூட்டிக்கொண்டு வரும். எஸ்டேட்டில் லோடு கட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

ஃபாதர் எனக்கு எழுதிக் கொடுத்த வசனம் நாலு வரி. ஒத்திகையில் நான் அந்த நாலு வரியைத்தான் பேசினேன், நீயும் சாட்சி. ஆனால் நேற்று மைதானத்தைப் பார்த்தாயா. மதில் மேல் ஆள், தண்ணி டேங்க் மேல் ஆள், ஒவ்வொருத்தன் கையிலும் போன், எல்லாம் என்னைப் பார்த்து. நாலு வரியும் முடிந்த இடத்தில் வாய் மூட மறுத்துவிட்டது. "ஏ நசரேயனே, எங்கே உன் படை, எங்கே உன் பட்டாளம்" என்று எடுத்தேன். சீசரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். நடுவில் ரோமாபுரியின் பீரங்கி என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் பீரங்கி கிடையாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஆவடியிலிருந்து வந்த ராணுவ டாங்க் ஃபேக்டரிக்காரர்கள் அதற்குக் கை தட்டினார்கள். கை தட்டினால் நான் என்ன மனுஷன், இன்னும் ரெண்டு வரி போட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் சாட்டை விழுந்துகொண்டே இருந்தது. முதலில் தட் தட் என்று கேட்டது. அப்புறம் சத்தம் மாறியது. நனைந்த துணியைக் கல்லில் அறைகிற சத்தம். நீ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. எம் புள்ள எப்படி நடிக்கிறான் பார் என்று நினைத்தேன். முன் வரிசையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். என் வசனத்துக்கு அழுகிறார்கள் என்று நினைத்தேன். நீ என்னைக் கூப்பிட்டாய். கேட்டது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். சீசர் மேல் ஆணை என்று முடித்து, கையைத் தூக்கி, "போதும்" என்று திரும்பினேன். அதற்குப் பிறகும் ரெண்டு அடி விழுந்தது. கூட நின்ற சிப்பாய் வேஷக்காரன் ஸ்டீபன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். நீ கல்தூணில் தொங்கிக்கொண்டிருந்தாய். முதுகு முழுக்க ஒரே சிவப்பு. எது சாயம் எது ரத்தம் என்று, பெற்ற எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்படியும் நீ சிலுவையைத் தூக்கிக்கொண்டு மிச்ச ஸ்தலம் எல்லாம் நடந்தாய். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, வாடிகனில் போட்டால்கூட இப்படி ஒருத்தன் நடந்திருக்க மாட்டான்.

ஆக, கணக்கு இப்படி. கடைசி ரெண்டு அடி ஸ்டீபனுடையது. அதற்கு முன்னால், நாலு வரி முடிந்த இடத்திலிருந்து விழுந்தது எல்லாம் என்னுடையது. நீ கை உடைக்கக் கிளம்பினால் எந்தக் கைக்கு எவ்வளவு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதை உனக்கு யாராலும் பிரித்துத் தர முடியாது.

மச்சான் மேல் கை வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று இந்த வட்டாரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. எங்கள் கல்யாணம் ஆவடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் உன் அம்மாவின் தம்பி, அப்போது ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவன், என் கூட்டாளிகள் இலையைப் பார்த்து, "பிரஸ் கம்பெனி ஆளுங்க ஒரு வருஷத்துக்கு சேத்துத் துன்றாங்கப்பா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கறி வாளியில் கிடந்த பெரிய கரண்டியை எடுத்து மூக்கில் ஒரு வீச்சு. மூக்குத் தண்டு உடைந்த சத்தம் பேண்டு வாத்தியத்துக்கு மேலே கேட்டது. எட்டுப் பேர் பிடித்தும் என்னை நிறுத்த முடியவில்லை. பட்டு வேட்டியெல்லாம் கறிக் குழம்பும் ரத்தமும். இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு அவன் வாய் மேல்தான். ஆனால் அன்றைக்கு மண்டபத்தை விட்டுப் போனவன் நம் வீட்டுப் படி ஏறவே இல்லை. ஆவடி எவ்வளவு தூரம், அங்கே ரயிலில் ஏறினால் அடுத்தது அண்ணனூர், அப்புறம் திருமுல்லைவாயல், அப்புறம் இறங்க வேண்டியதுதான்.

உனக்குக் காது குத்தினது உனக்கு ஞாபகம் இருக்காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். சொல்லி அனுப்பினோம், வரவில்லை. உன் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள், ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். கடைசியில் எங்கள் கம்பெனி வாட்ச்மேன் மடியில் உட்கார வைத்தோம். அறியாத மடி, நீ துள்ளினாய், ஊசி சறுக்கிக் காது மடல் கிழிந்துவிட்டது. உன் சட்டை, வாட்ச்மேன் காக்கிச் சட்டை, எல்லாம் ரத்தம். உன் இடது காது கோணலாக இருக்கிறதே என்று ஜெனி கேட்டால் நீ என்ன சொல்வாயோ தெரியாது. உன் அம்மா அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்த நாள் என் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதனால்தான் அது எனக்கு மறக்கவில்லை. நீ உடைக்கப் போவதாகச் சொல்கிற கை வெறும் ஸ்டீபன் கை இல்லை அருளு. நாளைக்கு உன் பிள்ளையைக் காது குத்த மடியில் பிடிக்க வேண்டிய தாய்மாமன் கை.

சாமி விஷயத்திலும் எனக்கு ஒரு யோசனை உண்டு, ஃபாதர் மாதிரி பிரசங்கம் வைக்கவில்லை, பயப்படாதே. அப்போஸ்தலர்களில் எனக்குப் பிடித்தவர் பேதுருதான். மீன்காரர், கை முந்துகிற ஆள். தோட்டத்தில் பிடிக்க வந்தவர்களில் ஒருத்தன் மேல் கத்தியை வீசினார். கழுத்துக்குத்தான் வீசியிருப்பார், அவன் குனிந்திருப்பான், காது கிடைத்தது. ஆண்டவர் அந்தக் காதை எடுத்து ஒட்ட வைத்தார். எல்லாரும் ஆண்டவர் செய்த புதுமையைப் பேசுகிறார்கள். நான் பேதுருவை நினைக்கிறேன். அவ்வளவு பேர் முன்னால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் வெட்டின காது திரும்ப ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும். கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்திருப்பார். இன்று காலையில் லூர்துசாமி வீட்டு நடுக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆமாம், போனேன். உன் மெசேஜைக் கேட்டுவிட்டு, நீ உடைத்தால் கல்யாணம் போய்விடும், நான் உடைத்தால் கல்யாணம் போகாது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். தப்புக் கணக்கு என்று உன் அம்மா இப்போது சொல்கிறாள். ஜெனிதான் கதவைத் திறந்தாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. "மாமா, அவரு போனே எடுக்கல மாமா. எப்டி கீறாரு?" என்றாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். ஸ்டீபன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வலது கையை உப்புத் தண்ணி பேசினில் விட்டிருந்தான். கயிறு அறுத்து அவன் உள்ளங்கையும் பிளந்து கிடந்தது. "எழுந்திருடா" என்றேன். எழுந்தான். ஓங்கி ஒன்று விட்டேன். சுவரில் போய் மோதிச் சரிந்தான், பேசின் கவிழ்ந்து தண்ணியெல்லாம் சிவப்பாக ஓடியது. மறுபடியும் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அவன் கையைத் தூக்கவே இல்லை.

சத்தம் கேட்டு லூர்துசாமி பாதி முகம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "இன்னாயா, ஊட்டுக்குள்ள பூந்து அடிக்கிறியா? மிச்சம் எத்தினி பல்லு கீதுன்னு எண்ணிட்டுப் போவ வந்தியா?" என்றார். அடுப்படிக்குள் பாய்ந்தவர் அருவாமனையோடு வந்தார். நான் பிளாஸ்டிக் சேரைத் தூக்கி முன்னால் பிடித்தேன். அவர் இறக்கினது சேர் காலை அறுத்துக்கொண்டு வந்து என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. ஆறு தையல் போட்டார்கள். ரெண்டு தையல் என்று கிளினிக் நர்சு சொன்னால் நம்பாதே, அந்தப் பெண்ணுக்கு வேலை புதுசு. நான் சேரால் அவர் தோளில் ஒன்று வைத்தேன். அவர் அருவாமனையைத் திரும்ப ஓங்கினார். அப்போதுதான் ஜெனி நடுவில் வந்து அவள் அப்பா மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தவில்லை, அழவில்லை. "போதும்" என்றாள். அவர் நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பி, "நேத்து அவரக் கட்டி வெச்சி அடிக்கறப்ப இத யாரு சொல்லணும் மாமா?" என்றாள். கையிலிருந்த சேரைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாள், இருந்திருந்தால் ஒரு திருவிழாவே கொண்டாடியிருப்பாள்.

லூர்துசாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "இத பாரு. நீ அடிச்சத நான் உட்டுட்டேன், நானும் வெட்டிட்டேன், நம்ம கத அத்தோட செரி. ஆனா ஒம் புள்ள எம் புள்ள மேல இன்னொரு தபா கை வெச்சான்னு வெய்யி, நாளைக்கி மூணாவது ஓல வாசிக்கறப்ப நானே எழுந்து நிப்பேன். கோயில்னும் பாக்க மாட்டேன், பொண்ணுன்னும் பாக்க மாட்டேன்." ஜெனி அவர் கையிலிருந்து அருவாமனையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முகத்தை நான் உனக்கு எழுதிக் காட்ட மாட்டேன். எழுதினால் நான் ஏதாவது சேர்த்துவிடுவேன், அந்த முகத்தில் எதையும் சேர்க்கக் கூடாது.

ஸ்டீபன்தான் என் கைக்குத் துண்டைக் கட்டினான். கட்டிக்கொண்டே பேசினான். "மொதல்ல வேஷந்தான் மாமா. மாதா மேல சத்தியமா மணிக்கட்டாலதான் வீசினேன். நீங்க முடிப்பீங்க முடிப்பீங்கன்னு பாக்கறேன், நீங்க முடிக்கவே இல்ல. கை பாட்டுக்குப் போவுது. அப்புறம் அந்தப் பல்லு நெனப்பு வந்துச்சி." நான், "அர பல்லுக்காடா இவ்ளோ" என்றேன். அவன் சிரித்தான், அந்த அரைப் பல் தெரிந்தது. "பல்லு போனது வலிக்கல மாமா. அருளு அன்னிக்கே சாரி மச்சான்னு சொல்லிட்டான், நாங்க ரெண்டு பேரும் டீகூட சாப்ட்டோம். நீங்கதான் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு ஏத்திக்கினே போனீங்க. பஸ்ல எவனாவது ஒருத்தன் டெய்லி எங்கிட்ட வாயத் தொறந்து காட்டுன்றான். நேத்து நீங்க மைக்ல பேசிக்கினே இருக்கறப்ப, அந்தக் கொரல கேக்கக் கேக்க, எனக்கு எதிர்ல கட்டி வெச்சிருக்கறது அருளுன்னே மறந்துபோச்சி. திரும்பி ஒரு மொற மொறச்சிருந்தான்னா நின்னிருப்பேன். அவன் திரும்பவே இல்ல."

நீ அவனுக்கு சாரி சொன்னதும், ரெண்டு பேரும் டீ குடித்ததும் எனக்கு இன்று காலையில்தான் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் நான் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் ஒரு புத்தி சொல்ல வேண்டும் என்றால் இதுதான் சொல்வேன். உன் வீட்டில் நடக்கிற சண்டையை வெளியில் சொல்லாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. சமாதானம் ஆனதையும் சேர்த்துச் சொல். சண்டையை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தால் அது தானாகவே வளரும், என் வாயில் வளர்ந்த மாதிரி. சமாதானத்தைச் சொன்னால் டீக்கடையில் ஒருத்தனும் கேட்க மாட்டான்தான். கேட்காவிட்டால் போகிறது.

நேற்று அந்த மைதானத்தில் நடந்தது வேஷமா நிஜமா என்று நீ குழம்பிக்கொண்டு படுத்திருப்பாய். குப்புறத்தான் படுத்திருப்பாய், எனக்குத் தெரியும். அடி நிஜம். நீ திருப்பி அடிக்காமல் நடந்ததும் நிஜம், அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எந்த வசனத்திலும் அது இல்லை. கைகட்டு அவிழ்ந்ததும் அந்தச் சிலுவைக் கட்டையால் அவன் மண்டையைப் பிளந்திருக்கலாம், உன் தோளுக்கு அது ஒரு வேலையா. நீ செய்யவில்லை. நேற்று அத்தனை பேர் முன்னால் முடிந்த ஒன்று இன்று ராத்திரி கோயில் வாசலில் முடியாமல் போகுமா என்பதுதான் என் கேள்வி.

கோயில் வாசல் வரைக்கும் நீங்கள் சந்திப்பதைத் தள்ளிப் போடுவானேன் என்று நாங்கள் எல்லாரும் யோசித்தோம். நாங்கள் என்றால் நான், உன் அம்மா, ஸ்டீபன். ஆமாம், கிளினிக்கிலிருந்து அவன்தான் என்னை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். நான் இதை எழுதுகிற இந்த நேரம் அவன் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான், உன் அம்மா அவன் உள்ளங்கைக்கு மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவனுடைய ஒரு பக்கக் கன்னத்தில் என் அஞ்சு விரலும், சரி, நாலரை விரலும் பதிந்திருக்கிறது. "நானே போறேன் மாமா. அவன் அடிச்சான்னா வாங்கிக்கிறேன். மாடியில யாரும் பாக்க மாட்டாங்க, அப்பா காதுக்கும் போவாது" என்கிறான். அடித்தால் திருப்ப மாட்டேன் என்று உன் அம்மா தலைமேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறான். காலையில் என்னைத் திருப்பி அடிக்காதவன், இந்த விஷயத்தில் அவனை நம்பலாம். அதனால் இனி அடங்க வேண்டியது உன் கை மட்டும்தான். நீ என்ன செய்தாலும் இந்த முறை நான் ஒருத்தரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

நீ போனை அணைத்திருக்கிறாய், கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டாய். கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் தட்டாமல் நில் என்று அவனுக்குச் சொல்லி அனுப்புகிறேன். இவ்வளவு நீளமாக எழுதினதற்கு ஒரு காரணம் எனக்கு நாலு வரியோடு நிறுத்த வராது என்பது. இன்னொரு காரணம், அவ்வளவு நேரமும் அவன் உன் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பான், உன் கோபம் இறங்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

மொட்டை மாடியில் நிழல் கிடையாது. காலில் செருப்பும் போடாமல் வந்திருக்கிறான். கதவைத் திற.

உன் நைனா